சாயம் ஏறிய பீங்கான்

அன்று காலை அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். கட்டிலில், தலையணைமேல் கால் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த தம்பி. தலைமாட்டில் அவன் மனைவி. சன்னலோர நாற்காலியில் அவர்கள் மகளின் மாமனார், அதாவது சம்பந்தி. கால்மாட்டில் எலும்பு டாக்டர், நாற்பதை இன்னும் தொடாத பெண். அவளுக்குப் பின்னால் கேஸ் ஷீட்டோடு ஒரு நர்ஸ். இவர்களுக்கு நடுவில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நிமிர்ந்து நின்ற அக்கா. வேறு யாரும் இல்லை.

விழுந்த கதையைத் தம்பி யாரிடமும் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை. இருபத்தாறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவன், டிப்போவில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் படியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்தளம் பிளந்து உள்ளே அமுங்கிவிட்டது. வலது கால் என்றால் பிரேக் கால். அது ஒழுங்காக மடங்கி, நீண்டு, அழுத்தினால்தான் அவனுக்கு வண்டி. இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை டிப்போ அலுவலகத்தில் ஒரு மேசை. அந்த மேசையைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. ஆனால் வீக்கம் வடியக் காத்திருந்த ஒன்பது நாளும் போர்வைக்குள் வலது பாதத்தை மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தான். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்தாள்.

"ரோட்ல பள்ளம் விழுந்தா என்ன பண்ணுவாங்க?" என்று டாக்டர் தம்பியைக் கேட்டாள்.

"எங்க ரூட்ல ஒண்ணும் பண்ண மாட்டாங்க டாக்டர்."

நர்ஸ் கேஸ் ஷீட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள்.

"பண்றவங்க இருக்காங்கன்னு வச்சுக்குவோம். அமுங்கின தளத்தை அடியிலேருந்து தூக்கி பழைய மட்டத்துக்குக் கொண்டு வருவேன். தூக்கினதும் கீழ ஒரு பொந்து இருக்கும். அதை வெறுமனே விட்டா மறுபடி உள்வாங்கிடும். அதனால பொந்தை நிரப்பிட்டு, பக்கத்துல பிளேட் வச்சு ஸ்க்ரூ போடணும்."

"எதை வச்சு நிரப்புவீங்க?" இது அக்கா.

"இவரோட இடுப்பெலும்புலேருந்தே கொஞ்சம் எடுக்கலாம்."

"வேண்டாம்," என்றான் தம்பி. இருபத்திரண்டு வயதில் கை முறிந்தபோது அவன் இடுப்பிலிருந்து ஒரு தடவை எலும்பு எடுத்திருந்தார்கள். கை ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது. இடுப்பு இரண்டு வருடம் அவனை விந்தி விந்தி நடக்க வைத்தது. "இன்னொரு பக்கம் இருக்கே" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தாள். "அந்தப் பக்கமாவது என்னோடதா இருக்கட்டும்" என்றான்.

"நானும் அதை வற்புறுத்தலை. உங்களுக்கு சர்க்கரை இருக்கு. இன்னொரு காயம் எதுக்கு? எலும்பு வங்கியிலேருந்து, வேற ஒருத்தர் குடுத்த எலும்பை வரவழைக்கலாம். அதுக்கு நாள் ஆகும். நான் சொல்றது இது." டாக்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்தாள். உள்ளே சாக்குக்கட்டியை நொறுக்கியதுபோல வெள்ளைத் துண்டுகள். "பீங்கான். எலும்புல இருக்கற அதே சத்துங்களை வச்சு சூளையில சுட்டது."

எந்தக் குடும்பத்தாரிடம் எந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை.

அக்கா முப்பத்து மூன்று வருடம் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவள். மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கி நிற்கும் கிண்ணங்கள் அங்கே உருவாயின. ஒவ்வொரு சூளையிலிருந்தும் நாலு கிண்ணங்களை உடைத்து, துண்டுகளைச் சிவப்புச் சாயத்தில் அழுத்தி ஊறவைப்பார்கள். எடுத்துத் துடைத்து மறுபடி உடைத்தால் உள்ளே பால்வெள்ளையாக இருக்க வேண்டும். மயிரிழை அளவு சிவப்பு இறங்கியிருந்தாலும் அந்தச் சூளை முழுவதும் ரிஜெக்ட். காரணம் எளியது. சாயம் ஏறும் பீங்கானில் மழைத் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் மின்சாரம் ஏறும். கம்பத்தின் மேல் நிற்கும் மனிதன் கீழே வரமாட்டான். அவள் பார்த்த சாமானால் ஒரு உயிர் போனதாக ஒரு கடிதம்கூட வந்ததில்லை. தொழிற்சாலையில் அவளைச் சாயக்கார அக்கா என்றார்கள். முதலாளியே கேட்டாலும் அவள் தள்ளியது தள்ளியதுதான். ஒரு ரிஜெக்டை மாற்ற ஒரே வழி, அதைத் தள்ளிய இன்ஸ்பெக்டரே மறுபடி சோதித்து, முதலில் என்ன தவறு செய்தோம் என்பதை எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது. முப்பத்து மூன்று வருடத்தில் அக்கா அப்படி ஒரு தாளையும் எழுதியதில்லை.

சம்பந்தியும் அதே வளாகம்தான். மறுகோடியில் இருந்த கேண்டில் பிரிவின் ஃபோர்மேன். தண்ணீர் வடிகட்டும் ஃபில்டருக்குள் நிற்குமே வெள்ளை உருளை, அந்தக் கேண்டில். கிண்ணப் பிரிவுக்காரர்கள் அவர்களை ஓட்டைக் கம்பெனி என்பார்கள். தம்பி மகளை அவர் பையனுக்குக் கேட்டு வந்தபோது அக்கா மூன்று வாரம் யோசித்துச் சம்மதித்தாள். "பையன் தங்கம். அப்பாவோட தொழில்தான் கொஞ்சம் கசியும்" என்று அன்றைக்கு அவள் சொன்னது சம்பந்தி காதுக்கும் போயிருந்தது. அவர் அதை மறந்ததாகவும் தெரியவில்லை, மனதில் வைத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை.

டாக்டரின் போன் அடித்தது. கேட்டுவிட்டு, "விபத்து கேஸ் ரெண்டு. ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்றாள். "நாளை மறுநாள் காலைல தியேட்டர் சொல்லி வச்சிருக்கேன். ஃபாரத்தைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. பாட்டில் இங்கயே இருக்கட்டும், பாருங்க. இது காட்டறதுக்கு வச்சிருக்கறது. உள்ள வைக்கறது தனியா சீல் பண்ணி வரும்."

அவள் போன பின்புதான் அக்கா உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்து நாலு துண்டை ஒரு பஞ்சுத் துணியில் கொட்டினாள். கைப்பையிலிருந்து பழைய பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். ஒரு துண்டை நகத்தால் சுண்டினாள். கணீரென்ற சத்தமே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால் தேன்கூடு. ஓட்டைக்குள் ஓட்டை, அதற்குள் இன்னொன்று. பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள்.

மை துண்டின் மேல் நிற்கவேயில்லை. அத்தனையையும் துண்டு உறிஞ்சிக் குடித்துவிட்டு, அடுத்த சொட்டுக்குக் காத்திருப்பதுபோல் சிவந்து கிடந்தது.

"ரிஜெக்ட்," என்றாள் அக்கா.

ஃபாரத்தில் கையெழுத்துப் போடத் திறந்திருந்த பேனாவைத் தம்பி மூடி மனைவியிடம் கொடுத்தான்.

"என்ன, பேனாவை மூடறீங்க?" என்றாள் அவள்.

"காதுல விழலை? அக்கா ரிஜெக்ட்னுட்டாங்க."

"உங்க காலுக்கு அண்ணி இன்ஸ்பெக்டரா, டாக்டர் இன்ஸ்பெக்டரா?"

"நீ சும்மா இரு."

சன்னலோரத்தில் சம்பந்தி தொண்டையைச் செருமினார். நிதானமான மனிதர். செருமலுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம் விடுவார். "சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்க வேண்டாம். உங்க சாமான்ல தண்ணி ஏறினா ரிஜெக்ட். எங்க சாமான்ல ஏறலேன்னாதான் ரிஜெக்ட். இது எந்தப் பக்கத்துச் சாமான்னு முதல்ல டாக்டரைக் கேட்டுட்டா..."

"ஓட்டை நல்லதுன்னு சொல்ல இந்த ரூம்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"நாப்பது வருஷம் அதை வச்சுத்தானே சாப்பிட்டேன்."

"அது தண்ணி வடிகட்ட. இது என் தம்பி உடம்பு. தாங்க வேண்டிய இடத்துல ஓட்டையை வச்சு அடைச்சா எப்படித் தாங்கும்? நாளைக்கு ஒடைஞ்சு போனா உங்க கேண்டில் பிரிவா வந்து பொறுப்பேத்துக்கும்?"

சம்பந்தி சன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். இருந்தாலும் அதையே பார்த்தார்.

டாக்டர் வந்தபோது ஃபாரம் வெள்ளையாகவே இருந்தது.

"கால் உங்களோடது," என்றாள் தம்பியிடம். "கையெழுத்தும் உங்களோடதுதான் இருக்கணும்."

"கால் என்னோடதுதான் டாக்டர். கண்ணு அக்காவோடது. அது பாத்துத் தள்ளினதை நான் உள்ள வச்சுக்க மாட்டேன்."

அக்கா எழுந்தாள். "எலும்புதானே வேணும்? என் இடுப்புலேருந்து எடுங்க. எனக்கு சர்க்கரையும் இல்ல, கொதிப்பும் இல்ல. அவனை வளத்தவ நான்தான்."

"உங்க வயசு என்னம்மா?"

"அறுபத்தேழு."

"ஒருத்தர்கிட்ட எடுத்ததை அப்படியே இன்னொருத்தருக்கு வைக்க மாட்டோம். சோதிச்சு, பதப்படுத்தி, மாசக்கணக்கா ஆகும். தவிர..." டாக்டர் ஒரு கணம் தயங்கினாள். "இந்த வயசுல உங்க எலும்புலயும் ஓட்டை கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும்."

சம்பந்தி எதிர்ச் சுவரை இன்னும் கவனமாகப் பார்த்தார்.

டாக்டரின் பார்வை பஞ்சுத் துணியில் கிடந்த சிவப்புத் துண்டுக்குப் போனது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "மை போட்டீங்களா? எவ்வளவு நேரத்துல ஏறிச்சு?"

"ரெண்டு நொடி."

"அப்ப நல்ல சாமான்தான்." துண்டைத் திருப்பி வைத்தாள். "இன்னிக்கு ஒன்பதாவது நாள். மூணு வாரம் தாண்டிட்டா உடைஞ்ச துண்டுங்க உள்வாங்கின இடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சுடும். அப்புறம் அதை மட்டத்துக்குக் கொண்டு வர்றது குதிரைக்கொம்பு. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா காலைல ஓ.பி.ல இருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாதாடவில்லை. வாதாடியிருந்தால் அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மதியம் வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குப் போனாள். ஃபில்டருக்கு மாற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த புதுக் கேண்டில் ஒன்று அலமாரியில் இருந்தது. மேசையில் காகிதம் பறக்காமலிருக்க அவள் வைத்திருப்பது ஒரு உடைந்த மின்கிண்ணத்தின் துண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மை விட்டாள். கிண்ணத் துண்டின் மேல் மை மணிபோல உருண்டு நின்றது. துடைத்தால் தடமில்லாமல் போயிற்று. கேண்டில் டாக்டரின் துண்டு செய்ததையே செய்தது.

அவள் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் இத்தனை வருடமாகக் குடித்த தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகத்தான் வந்தது. ஓட்டை இல்லாத கேண்டிலை யாராவது விற்றிருந்தால் கடைக்கே போய்ச் சண்டை போட்டிருப்பாள். இது அவளுக்கு நேற்று வரை தெரியாத செய்தியா? தெரிந்ததுதான். ஆனால் பீங்கான் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போய்விட்டது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம் கேள்வி கேட்காமலே பதில் எழுதிவிட்டது.

மை விஷயம் அத்தோடு முடிந்தது. முடியாதது வேறு. சம்பந்தி சொன்னது சரி என்றால், அதை எல்லோர் முன்னாலும் சரி என்று சொல்ல வேண்டும். சம்பந்தி வீடு, பெண்ணைக் கொடுத்திருக்கும் வீடு. அந்த வீட்டு மனிதர் முன் இந்தக் குடும்பத்தின் தலை ஒரு தடவையும் தாழ்ந்ததில்லை. தாழாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்குப் பதினொரு வயது. அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்ற ஒரே பிடிமானத்தில் அந்த வீடு நின்றது. அந்தப் பிடிமானத்தைத் தானே அசைப்பதா என்று அவள் மாலை வரை யோசித்தாள். அதே பிடிமானத்தால்தான் தம்பி பேனாவை மூடினான் என்பதும் அவளுக்கு மறக்கவில்லை.

ஆனாலும் பாதி தெரிந்துகொண்டு பாஸ் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் காலை ஓ.பி.யில் எல்லோரையும் போல டோக்கன் வாங்கி, பதினாறாவது ஆளாக உள்ளே போனாள்.

"உக்காருங்கம்மா."

"நிக்கறேன். அந்த ஓட்டைக்குள்ள என்ன போகணும்?"

"ரத்தம். ரத்தத்தோட எலும்பை உண்டாக்கற அணுக்கள். ஓட்டை ஒண்ணோடொண்ணு சேர்ந்திருந்தாதான் நடு வரைக்கும் போகும். உள்ள புது எலும்பு முளைக்க முளைக்க பீங்கான் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். சில பேருக்குக் கொஞ்சம் கரையாம அங்கயே நின்னுடும். அதனால கெடுதல் பெருசா இல்ல."

"சாரத்தைக் கட்டிட்டு, சுவர் எழும்பினதும் பிரிக்கற மாதிரி."

"கிட்டத்தட்ட. பிரிக்கறது மட்டும் உடம்பே பண்ணிக்கும்."

"பாரத்தைத் தாங்குமா?"

"தாங்காது," என்றாள் டாக்டர். "அழுத்தினா நொறுங்கும். நிரப்பறதுதான் அதோட வேலை. தாங்கற வேலை பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும். அதனாலதான் மூணு மாசம் அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாதுங்கறேன்."

"ஊனினா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "போன வருஷம் ஒருத்தர். நல்லாயிருக்குன்னு நாலாவது வாரமே நடந்துட்டார். பீங்கான் நொறுங்கிச்சு, தளம் மறுபடி அமுங்கிச்சு, பிளேட் வளைஞ்சுது. நான்தான் ரெண்டாவது தடவை திறந்தேன். இப்பவும் விந்திதான் நடக்கறார். சாமான் தப்பில்ல, நான் அவருக்குப் புரியற மாதிரி சொல்லலை."

அக்கா அப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வெற்றியை மட்டும் சொல்கிற இன்ஸ்பெக்டர் யாரையும் அவள் நம்பியதில்லை. இந்தப் பெண் கேட்காமலே தன் ரிஜெக்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வேற என்ன ஆகலாம்?"

"எந்த ஆபரேஷன்லயும் சீழ் பிடிக்கலாம். சர்க்கரை இருந்தா கொஞ்சம் கூடுதலா. அதுக்குத்தான் இந்த ஒன்பது நாளும் ஊசி போட்டு சர்க்கரையை இறக்கியிருக்கோம். ஏற்கெனவே சீழ் இருக்கற இடமா இருந்தா நான் இதை வைக்கவே மாட்டேன். மேல்தளத்துல விரிசல் வழியா ஒரு துண்டு மூட்டுக்குள்ள போயிடலாம். போகலைன்னு எக்ஸ்ரேல பாத்துட்டுத்தான் தைப்பேன். அடுத்தவங்க எலும்புல வர்ற நோய்ப் பயம் இதுல இல்ல."

"பாக்கெட்ல பேட்ச் நம்பர் இருக்குமா?"

"இருக்கும். ஸ்டிக்கரைக் கிழிச்சு கேஸ் ஷீட்ல ஒட்டுவோம். நாளைக்கு எங்கயாவது அந்த பேட்ச்ல கோளாறுன்னு தெரிஞ்சா, யார் யார் உடம்புல இருக்குன்னு தேடிப் பிடிக்கலாம்."

"எங்க கிண்ணத்துலயும் அடியில நம்பர் இருக்கும்," என்றாள் அக்கா. அன்று காலை அவள் முகம் இளகியது அந்த ஒரு நொடிதான். "டாக்டரம்மா, பதினோரு மணிக்கு ரூமுக்கு வர முடியுமா? அந்த நர்ஸும் வரட்டும். சம்பந்தியை நான் கூப்பிட்டுக்கறேன். நேத்து யார் யார் இருந்தாங்களோ அத்தனை பேரும் இருக்கணும்."

"எதுக்கும்மா?"

"தள்ளினது அத்தனை பேர் முன்னாடி."

பதினோரு மணிக்கு அதே ஆறு பேர். சம்பந்தி வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க, உக்காருங்க" என்று அக்கா சொன்ன பிறகே சன்னலோர நாற்காலிக்குப் போனார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை அவள் எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படிடா."

தம்பி பிரித்தான். ஒரே பார்வையில் அது என்னவென்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சிறு வயதில் அக்காவின் மேசையில் அந்த வரிகளைக் கொண்ட வெற்றுத் தாள்களை அவன் பார்த்திருக்கிறான். நிரப்பிய தாளை இதுவரை பார்த்ததில்லை.

"மறு பரிசோதனை," என்று படித்தான். "சாமான், எலும்பு நிரப்பும் பீங்கான். முதல் முடிவு, ரிஜெக்ட். முதல் சோதனையில் நேர்ந்த தவறு: நீர் புகக் கூடாத பீங்கானுக்குரிய சோதனையை, நீர் புக வேண்டிய பீங்கானுக்குச் செய்தது. தவறைச் சுட்டிக்காட்டியவர், கேண்டில் பிரிவு ஃபோர்மேன். இப்போதைய முடிவு, பாஸ். நிபந்தனை: மூன்று மாதம் அந்தக் காலில் பாரம் ஏற்றக் கூடாது." அதற்குக் கீழே அதே சிவப்பு மையில் அவள் கையெழுத்து.

தம்பி தாளை மடிக்காமல் அக்காவைப் பார்த்தான்.

"நீ இந்த மாதிரி எழுதினதே இல்லையேக்கா."

"இல்ல. இப்ப எழுதியிருக்கேன்."

"எனக்காக மாத்தறியா?"

"தம்பிங்கறதுக்காகப் பாஸ் போடற ஆளுன்னா, நேத்தே போட்டிருப்பேன். உனக்கு பஸ் ஓட்டணும்னு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஒன்பது நாளாப் போர்வைக்குள்ள பிரேக் அடிச்சுக்கிட்டிருக்கே. அதைப் பாத்துட்டும் தள்ளினேன். தப்புன்னு தெரிஞ்சதால மாத்தறேன். பேனாவை எடு."

தம்பியின் மனைவி ஏற்கெனவே பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

அக்கா சம்பந்தி பக்கம் திரும்பினாள். நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. "நேத்து நான் பேசினது அதிகம். நீங்க சொன்னதுதான் சரி."

சம்பந்தி வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். "முப்பது வருஷமா எங்க பிரிவுப் பேர் உங்க தாள்ல வரணும்னு இருந்துச்சு, சம்பந்தியம்மா. ரிஜெக்ட் கட்டத்துல வராம, தப்பைக் காட்டினவர் கட்டத்துல வந்ததே போதும்."

"ரொம்ப ஏத்திக்க வேண்டாம். கேண்டில் இன்னும் கசியத்தான் செய்யுது."

"கசியலேன்னா நீங்கதான் முதல்ல கடைக்குச் சண்டைக்குப் போவீங்க."

தம்பி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். டாக்டர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி ஒரு தடவை படித்தாள். "மூணு மாசம்னு எழுதியிருக்கீங்களே, அதை நான் எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை சொல்றேன் தெரியுமா? சிவப்பு மைல எழுதினதில்ல" என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பியை உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அக்கா முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், அடுத்து கேஸ் ஷீட்டைக் கேட்டாள். ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் நம்பரும் காலாவதித் தேதியும் தெளிவாக இருந்தன. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

மூன்று மாதம் அவன் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை. வைக்க நினைத்த நேரங்களில் எல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்தோ சமையலறையிலிருந்தோ அக்காவின் குரல் வந்தது. "ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கலாம், அங்க நர்ஸுக்கு எட்டு மணி நேரம்தான் டியூட்டி" என்று அவன் மனைவியிடம் புலம்பினான். முதல் எக்ஸ்ரேயில் பொந்து இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டுகள் கூர்மையாக, எண்ணிவிடக்கூடிய அளவில் தெரிந்தன. மூன்றாம் மாதம் அவற்றின் ஓரங்கள் மங்கத் தொடங்கின. ஆறாம் மாதம் எங்கே பீங்கான் முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று டாக்டர் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. மேல்தளம் மட்டமாக நின்றது. ஏழாம் மாதம் டிப்போ டாக்டர் அவனை உட்காரவைத்து, எழவைத்து, அழுத்தவைத்துப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டத் தகுதி என்று முத்திரை குத்தினார்.

முதல் நாள் முதல் டிரிப்பில் அக்கா ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட். பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. டைம் கீப்பரும் கண்டக்டரும் சன்னலோரம் வந்து நின்றார்கள். அவர்களுக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை.

"அம்மா, நீங்க செஞ்சதுதாம்மா வேலை," என்றார் டைம் கீப்பர். "டிப்போ பூரா அதே பேச்சு. முதல்ல ஆஸ்பத்திரியில காட்டின சாமானை நீங்க பாத்ததுமே ஓட்டைன்னு தூக்கி எறிஞ்சீங்களாமே. டாக்டர் ஆடிப்போய், ஓட்டையே இல்லாத உசத்திச் சாமானா வரவழைச்சு வச்சாங்களாம். நீங்க மட்டும் இல்லேன்னா இவர் கால் என்ன ஆகியிருக்கும்?"

தம்பி கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பேச்சு அவன் காதுக்கும் வந்திருந்தது. அவன் மறுத்திருக்கவில்லை. அக்காவுக்குப் பெருமையாக இருக்குமே என்று விட்டிருந்தான்.

"பொய்," என்றாள் அக்கா. "சாமானை யாரும் மாத்தலை. முதல்ல காட்டின அதே சாமான், அதே ஓட்டையோடதான் அவன் காலுக்குள்ள இருக்கு. ஓட்டை இருந்ததாலதான் எலும்பு உள்ள போய்க் கால் தேறிச்சு. அதைத் தள்ளினது என் தப்பு."